இல்லாத துப்பாக்கிக்கு எண்ணெய் போடுதவன்

ஏலே மக்கா, இங்கன வந்து உக்காரு. அந்தச் செல்ல அமத்திச் சட்டப்பையில போடு. விடியக்காலமே வந்து என்ன கேட்ட? “தாத்தா, பிஸ்டல் ஸ்லைடு எத்தன ஆயிரம் ரவுண்டு தாங்கும்? அதுக்குப் பொறவு இரும்பு சோந்து போயி ரெண்டாப் பொளந்துருமாமே, உண்டுமா?”

நல்ல கேள்விதான். பதிலும் எங்கிட்ட இருக்கு. அதுக்கு முன்ன எங் கேள்விக்கு நீ பதில் சொல்லு. ஒங்கிட்ட பிஸ்டல் இருக்கா? இல்ல. லைசென்சு? இல்ல. ஒங்கப்பங்கிட்ட? அவன் வீட்டுல நல்ல அரிவாள் ஒண்ணு கெடையாது, எளநி வெட்ட அடுத்த வீட்டுக்குப் போயி நிக்கான். பொறவு என்னத்துக்குலே ராத்திரி பூராவும் முழிச்சிருந்து ஸ்லைடுக்காவ விசாரப்படுத?

சட்டத்தையாவது படிச்சியா? 1959-ஆம் வருசத்து ஆயுதச் சட்டம். 9 எம்எம் பிஸ்டல் பட்டாளத்துக்கும் போலீசுக்குந்தான். ஒனக்கும் எனக்கும் அது ஆவாது. சாமானியன் கெஞ்சிக் கூத்தாடி, கலெக்டர் ஆபீசு வாசப்படியத் தேச்சா, .32 ஒண்ணு கெடச்சாலும் கெடைக்கும். முன்னாடி ஒருத்தன் மூணு துப்பாக்கி வச்சிக்கிடலாம். 2019-ல திருத்தி அத ரெண்டாக்கிட்டாங்க. எலெக்சன் வந்தா அதையும் துணியில சுத்திக் கொண்டு போயி டேசன்ல ஒப்படைக்கணும். எலெக்சன் முடிஞ்ச பொறவு வாங்கிட்டு வந்து பீரோவுல பூட்டி வைக்கணும். ஒரு பெட்டித் தோட்டாவ ஆயுசுக்குள்ள சுட்டுத் தீத்த லைசென்சுக்காரன் யாரையாவது ஒனக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது. அவன் ஸ்லைடு சோந்து போயா சாவும்? பீரோவுக்குள்ளயே துருப்பிடிச்சுல்லா சாவும்!

சரி, மொகத்தத் தூக்காத. ஸ்லைடு வச்ச துப்பாக்கிக்கு நம்ம சீமையில ஒரு சரித்திரம் உண்டும். அது ஒஞ் செல்லுல வராது. கேளு.

1911, ஜூன் 17. மணியாச்சி ஜங்ஷன். தூத்துக்குடிக்குப் பிரியுத லைன் அங்கனதான இருக்கு? திருநெல்வேலிக் கலெக்டர் ஆஷு தொரையும் அவரு சம்சாரமும் கொடைக்கானலுக்குப் போவ, மொத வகுப்புப் பெட்டியில இருக்காங்க. நம்ம தூத்துக்குடியில இருந்து வார போட் மெயிலுக்காவ வண்டி காத்துக் கெடக்கு. அப்பம்லாம் கொழும்புக்குக் கப்பல் ஏறணும்னா மெட்ராசுல இருந்து ரயில் புடிச்சு தூத்துக்குடிக்குத்தான் வரணும். தனுஷ்கோடிக்கு அந்த யோகம் அடிச்சது 1914-லதான். தொர இருந்த பெட்டிக்குள்ள ஏறி வாஞ்சிநாதன் சுட்டான். தொர விழுந்தாரு. வாஞ்சியும் டேசன் கக்கூசுக்குள்ள போயி தன்னையே சுட்டுக்கிட்டான். ஆஷு இதே தூத்துக்குடியில சப்-கலெக்டரா இருந்துதான், 1908-ல வ.உ.சி. பிள்ளைவாளையும் கோரல் மில் வேல நிறுத்தத்தையும் அமத்தப் பாத்தவரு. அந்தக் கணக்கத்தான் மணியாச்சியில தீத்தாங்க. இன்னைக்கு அந்த டேசன் பேரு வாஞ்சி மணியாச்சி. தொர பாளையங்கோட்டைக் கல்லறையில படுத்திருக்காரு.

வாஞ்சி கையில இருந்தது என்ன? பெல்ஜியத்துல செஞ்ச பிரௌனிங் பிஸ்டல். தானியங்கி. புதுச்சேரியில வ.வே.சு. ஐயரு சுடப் பழக்கிக் கொடுத்தாரு. ஆக, ஒனக்கு முந்தாநேத்து தெரிய வந்த சாமான் நம்ம தாத்தன் காலத்துலயே மணியாச்சிக்கு ரயிலேறி வந்துட்டுப் போயாச்சு. நீ என்னமோ புதுசாக் கண்டுபுடிச்சவன் கணக்கா எனக்கு வெளக்குத.

இன்னொண்ணு கேளு. அதே 1911, மார்ச் மாசம். அமெரிக்காவுல பட்டாளத்துக்குப் பிஸ்டல் எடுக்கப் பரீட்சை வைக்காங்க. அதுக்கும், வாஞ்சி பிஸ்டலுக்குப் பேரு கொடுத்த பிரௌனிங் கெழவந்தான் ஒண்ணு செஞ்சு கொடுத்திருக்கான். ரெண்டு நாளு, ஒரே பிஸ்டல், 6,000 ரவுண்டு. சூடேறி கையில புடிக்க முடியலன்னா தண்ணிக்குள்ள முக்கி எடுத்து, அடுத்த ரவுண்டு. ஒரு எடத்துலயும் தெக்கல. அதே மாசம் 29-ந்தேதி அத எடுத்துக்கிட்டாங்க. அதாம் நீ வாயத் தொறந்தா சொல்லுத ‘நைன்டீன் லெவன்’.

இப்பம் சொல்லு. மணியாச்சியில சுட்டதும் 1911, அங்கன சுட்டதும் 1911. ஒண்ணு சில குண்டோட ஓஞ்சு போச்சு. இன்னொண்ணு ரெண்டே நாள்ல 6,000 அடி வாங்குச்சு. எந்த ஸ்லைடுக்கு மூப்பு? இரும்புக்கு வயசு வருசத்துல இல்லலே. வாங்குன அடியில இருக்கு.

ஸ்லைடுன்னா என்னன்னு ஒனக்கு உண்மையிலயே தெரியுமா? படம் பாத்திருப்ப, பேரு சொல்லுவ. சோலி என்னன்னு சொல்லு பாப்பம்? முழிக்காத. பிஸ்டல் மேல குழலயும் மூடிக்கிட்டு முன்னயும் பின்னயும் ஓடுது பாரு, அந்த இரும்புத்துண்டு. குண்டு முன்னால போவும்போது அதே வேகம் இதப் பின்னால தள்ளும். பின்னால போறப்ப காலி கேச வெளிய எறியும், சுத்தியல மடக்கும், போயி அடிச்சட்டத்துல ‘டக்’னு முட்டும். அடியில ஒரு ஸ்பிரிங் அமுங்கி நிக்கும்லா, அது திருப்பி முன்னால தள்ளும். வரும்போது அடுத்த தோட்டாவக் கவ்விக்கிட்டு குழலுக்குள்ள ஏத்தி, முன்னாலயும் ஒரு ‘டக்’. சின்னத் தோட்டான்னா ஸ்லைடோட கனமே அந்த வேகத்தத் தாங்கிக்கிடும். 9 எம்எம், .45-ன்னு வந்துட்டா, குழலும் ஸ்லைடும் கை கோத்துக் கொஞ்ச தூரம் சேந்தே பின்னால போவும், குண்டு வெளிய போயி அழுத்தம் எறங்குனதும் பிரியும். அந்தக் கை கோக்குத எடத்துல ஒரு இழுப்பு, கேசு பின்னால முட்டுத மூஞ்சியில ஒரு தள்ளு, பின்னால ஒரு முட்டு, முன்னால ஒரு முட்டு. கண்ண மூடித் தொறக்குததுக்குள்ள இத்தனையும். இதுதான் அதுக்குப் பொழப்பு.

இதுல நோவு ரெண்டு வகை. ஒண்ணு தேய்மானம். எறும்பூரக் கல்லுந் தேயும்னு சொல்லுவாங்கள்லா, அது. ஸ்லைடு ஓடுத தண்டவாளம் தேயும், ஆட்டங் குடுக்கும். நிறுத்துத கொண்டி வந்து மாட்டுத காடி மழுங்கிப் பிதுங்கும். இது கண்ணுக்குத் தெரியும், கைக்குத் தட்டும். ஆட்டிப் பாத்தா ‘லொட லொட’ன்னு சொல்லிக் குடுத்துரும். இதுக்குப் பயப்பட ஒண்ணுமில்ல. கொஞ்சம் லொடலொடன்னு இருக்கது சில சமயம் நல்லதுதான். மண்ணு போனாலும் ஓடும்.

ரெண்டாவது நோவுதான் களவாணி. அடி மேல அடி அடிச்சா அம்மியும் நகரும்னு படிச்சிருக்க. இரும்பு நகராது மக்கா. ஒண்ணும் ஆவாத மாதிரியே சும்மா இருக்கும். ஒரே அடியில ஒடைக்கணும்னா பெரிய பலம் வேணும், அதவிடக் கொறஞ்ச பலத்துல தட்டுனா ஒண்ணுஞ் செய்யாது. ஆனா அந்தக் கொறஞ்ச பலத்துலயே திரும்பத் திரும்ப, லச்சம் தடவ தட்டு. எங்கயாவது ஒரு மூலையில முடியளவு கீறல் விழும். அடுத்த அடிக்கு அது இம்மிளி நவுளும். அதுக்கடுத்த அடிக்கு இன்னும் இம்மிளி. மேல பாலிசு மின்னிக்கிட்டுத்தான் இருக்கும். ஒருநாள் மிச்சமிருக்க இரும்புக்குத் தாங்க ஏலாது. ‘பட்’.

இது எனக்கு எப்படித் தெரியும்னு கேப்ப. நான் பிஸ்டல் செய்யல. விசைப்படகுக்கு லேத்து போட்டவன். எங்க பட்டறைக்கு ஒடிஞ்ச காத்தாடி ஷாப்டு வரும்லா, அதுதான் எனக்குப் பள்ளிக்கூடம். நடுக்கடல்ல ‘பட்’னு ஒடிஞ்சு, இன்னொரு படகு கயிறு கட்டி இழுத்துட்டு வரும். ஓனரு என்ன சொல்லுவாரு? “நேத்து வரைக்கும் நல்லாத்தான் ஓடுச்சு, இன்னைக்குத் திடீர்னு ஒடிஞ்சுட்டு அண்ணாச்சி!” திடீராமுலா! ஒடிஞ்ச மொகத்தத் தொடச்சு வெயில்ல காட்டுனா, முத்துச்சிப்பி ஓட்டுல இருக்கும் பாரு அடுக்கடுக்கா வளைவு வளைவா வரி, அப்படியே அதே வரி. ஒரு மூலையில தொடங்கி உள்ள உள்ள விரிஞ்சு போயிருக்கும். கீறல் எங்க பொறந்துச்சு, எங்கனங்கன நின்னு இளைப்பாறிச்சு, எம்புட்டு நாளா நடந்துச்சு, எல்லாம் எழுதி வச்சிருக்கும். கடைசியா ஒடிஞ்ச எடம் மட்டும் சொரசொரன்னு புதுசா இருக்கும். திடீர்னு ஒடிஞ்சது அந்தச் சொரசொரப்பு மட்டுந்தான். மத்ததெல்லாம் மாசக்கணக்கா ஒடிஞ்சுக்கிட்டே இருந்தது.

பொறந்த எடம் எதுன்னு பாத்தா எப்பவும் ஒரே கததான். சாவிக்காடி மூலை. இல்லன்னா, எவனோ சம்பளம் பத்தலன்னு கோவத்துல லேத்துல கூராக் கடஞ்சுவிட்ட ஒரு கழுத்து. வளைவாக் கடஞ்சிருந்தா பாரம் வழிஞ்சு போயிருக்கும். கூர் மூலையில எல்லாப் பாரமும் வந்து ஒண்ணாக் குமியும். பிஸ்டல் ஸ்லைடுலயும் அதேதான். காலிக் கேசு வெளிய விழுத சன்னலு இருக்குல்லா, அதோட மூலைய முதல்ல பாரு. குழல் கை கோக்குத குழிய பாரு. ஊசி வார ஓட்டையச் சுத்திப் பாரு. இரும்பு மெலிஞ்ச எடமும் கூர் மூலையும் எங்க சேருதோ, அங்கனதான் நோவு குடிவரும்.

இத நான் கண்டுபுடிக்கல. 1842-ல பாரிசுக்குப் பக்கத்துல, வெர்சாய்ல இருந்து திரும்பி வந்த ரயில் இஞ்சின் அச்சு ஒடிஞ்சு, ஏகப்பட்ட சனம் எரிஞ்சு செத்துப் போச்சு. நல்ல அச்சு எப்படி ஒடிஞ்சுச்சுன்னு பெரிய பெரிய படிப்பாளியெல்லாம் மண்டயப் பிச்சிக்கிட்டான். பொறவு பிரஷ்யா ரயில்வேயில ஆகஸ்ட் வோலர்னு ஒரு மனுசன் வந்தான். அவன் பேசல. ஒரு மிசின் செஞ்சு, அச்ச மாட்டி, பாரத்தத் தொங்கவிட்டு, சுத்து சுத்துன்னு சுத்தவிட்டான். 1850-கள்ல தொடங்கி 1870 வரைக்கும் இதே சோலி. பாரம் கொறயக் கொறய அச்சு கூடுதல் சுத்து தாங்குச்சு. ஒரு அளவுக்குக் கீழ பாரத்தக் கொறச்சுட்டா, இரும்பு எத்தன சுத்துக்கும் ஒடியவே இல்ல. அந்த எல்லைக்குக் கீழ வேல வாங்கு, காலத்துக்கும் ஒழைக்கும்னு சொன்னான். 

அதக் கேட்டு நீ குதிக்காத. அவன் சொன்ன எல்ல காஞ்ச காத்துல, சுத்தமான இரும்புக்கு. நீ இருக்கது எந்தூரு? உப்பளம் சுத்தி வளச்ச ஊரு. குசராத்துக்கு அடுத்தபடியா நாட்டுக்கே உப்புப் போடுத ஊரு. காத்த நக்குனா கரிக்கும். உப்புத்தண்ணி பட்ட இரும்புக்கு அந்த எல்லையே கெடையாதுன்னு வோலருக்குப் பொறவு வந்தவன்லாம் சோதிச்சுச் சொல்லிட்டான். துரு ஒரு புள்ளியாக் குழி பறிக்கும். அந்தக் குழி அடுத்த கீறலுக்குத் தொட்டில். அடியும் உப்பும் சேந்துட்டா, எம்புட்டு மெதுவா அடிச்சாலும் என்னைக்காவது ஒருநாள் ஒடியத்தான் செய்யும். ஜெர்மனியில கெடச்ச நம்பர அப்படியே திரேஸ்புரத்துக்கு எடுத்துட்டு வந்தா ஆவுமா? ஒஞ் செல்லுல பேசுதவன் இருக்கது பாலைவனத்துல. அவன் துப்பாக்கிக்கு மணலுதான் எதிரி. ஒனக்கு ஒன் வேர்வையே எதிரி.

ஸ்லைடு பொளந்த கதையும் உண்டும், சொல்லாம விட்டா நீ விடமாட்ட. இத்தாலியில பெரெட்டான்னு ஒரு குடும்பம். 1526-லயே வெனிசுக்காரனுக்குத் துப்பாக்கிக் குழல் செஞ்சு கொடுத்த குடும்பம். நம்ம கரைக்குப் பறங்கி வந்து சேந்த காலம்னு வச்சுக்கோ. 1985-ல அமெரிக்கப் பட்டாளம் அந்த 1911-அத் தூக்கி வச்சுட்டு, பெரெட்டாவோட 9 எம்எம்-அ எடுத்துக்கிட்டு. எம்9-ன்னு பேரு. ஒரே கொட்டுமேளம். மூணு வருசம் போவல. 1987-ல கடற்படையோட அதிரடி ஆளுங்க சுட்டுப் பழகும்போது ஸ்லைடு நடுவுல ரெண்டாப் பொளந்து, பின்பாதி பறந்து வந்து சுட்டவன் மூஞ்சியில அடிச்சிட்டு. ஒருத்தனுக்கு இல்ல, அடுத்தடுத்து. குழலப் பூட்டுத துண்டுக்காவ ஸ்லைடுல ரெண்டு பக்கமும் வெட்டி மெலிச்சிருந்தான்லா, சரியா அங்கன. நான் சொன்னன்லா, மெலிஞ்ச எடம், மூலை?

ஒடனே என்ன நடந்திருக்கும்? நீயே சொல்லு. கம்பெனி சொல்லுது: “நீங்க போட்ட தோட்டா காரம் ஜாஸ்தி.” பட்டாளம் சொல்லுது: “ஒங்க இரும்புக்கு உறுதி கொறச்சல்.” கலியாணத்துல சோறு பத்தலன்னா மாப்ள வீடும் பொண்ணு வீடும் பேசிக்கிடுவாங்கள்லா, அதுல ஒரு வார்த்த மாறல. கோர்ட்டு, அறிக்கை, நாடாளுமன்றத்துக்குக் கணக்கு, எல்லாம் ஆச்சு. கடைசியில என்ன வைத்தியம் தெரியுமா? சுத்தியலு மாட்டியிருக்க ஊசிக்கு ஒரு பெரிய கொண்டை வச்சான். ஸ்லைடுக்கு அடியில அதுக்கு ஒரு காடி வெட்டுனான். ஸ்லைடு பொளந்தாலும் பின்பாதி அந்தக் கொண்டையில மாட்டி நிக்கும், மூஞ்சிக்கு வராது. நோவே வராதுன்னு அவன் சத்தியம் பண்ணல பாத்தியா? வந்தா ஆளு பொழைக்கணும்னு வழி பண்ணுனான். அந்த ஆளு ஏதோ ஒரு பட்டறையில வளந்தவன்னு எனக்குத் தோணும். படிச்சவனா இருந்தா எழுபது பக்கத்துக்கு மன்னிப்பு எழுதியிருப்பான்.

இப்பம் ஒங்க காலத்து அலங்காரத்துக்கு வருவம். ஸ்லைடுல சன்னல் சன்னலா வெட்டி விக்கான், பாத்தியா? கேட்டா, ‘கனம் கொறைக்கோம்’ங்கான். கனம் கொறஞ்சா என்னலே ஆவும்? வேகம் கூடும். வேகம் கூடுனா முட்டு பலமா விழும். அதுவும் போவ, ஒவ்வொரு சன்னலுக்கும் நாலு நாலு மூலை. இருக்க மூலை பத்தலன்னு காசு கொடுத்து மூலை வாங்குதாங்க! 1954-ல இங்கிலீசுக்காரனோட காமெட்டு விமானம் ரெண்டு, ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா ஆகாசத்துலயே கிழிஞ்சு கடல்ல விழுந்திச்சு. ஒடஞ்சத அள்ளிட்டு வந்து பாத்தா, மேல வெட்டியிருந்த சன்னலோட மூலையில தொடங்கியிருக்கு கீறல். விமானம் பறக்கப் பறக்க உள்ள காத்து அமுக்கி அமுக்கி விட்டதுல அந்தக் கதி. அதுக்குப் பொறவு வெவரமுள்ளவன் சன்னல உருண்டையா வெட்டுனான். நம்ம தம்பிமாரு இப்பந்தான் சதுரமா வெட்டி, அதுக்கு மேல தங்க முலாம் பூசி, படம் புடிச்சுப் போடுதாங்க.

அடுத்தது ‘ஹாட் லோடு’. கார மருந்து. காயிதத்துல ஓட்ட போடததுக்கு எதுக்குலே அம்புட்டு காரம்? காயிதம் என்ன காண்டாமிருகமா?

சினிமாக்காரன் கூத்து அதுக்கு மேல. ஈரோ வாரான். பிஸ்டல எடுக்கான். ஸ்லைட இழுத்து ‘சடக்’னு விடுதான். ரெண்டு வசனம் பேசுதான். திரும்ப ‘சடக்’. வில்லன் சிரிக்கான். இன்னொரு ‘சடக்’. ஏலே, மொத இழுப்புலயே தோட்டா குழலுக்குள்ள போயாச்சு. அடுத்த இழுப்புக்கு அது சுடாமலே வெளிய வந்து விழும். அதுக்கடுத்த இழுப்புக்கு இன்னொண்ணு. மூணு தடவ இழுத்தா தரையில ரெண்டு நல்ல தோட்டா கெடக்கணும். பொறுக்க ஆளு வச்சிருக்கானா? வில்லனே குனிஞ்சு பொறுக்கிச் சட்டப்பையில போட்டுக்கிடலாம்.

இம்புட்டு அமளிக்கு நடுவுல ஒருத்தனும் பேசாத சாமான் ஒண்ணு உண்டும். அந்த ஸ்பிரிங். ஸ்லைடு வெலையில அது எம்புட்டு? கொசுறு. ஆனா பின்னால போற அடியில ஒரு பங்க முழுங்குதது அந்தக் கொசுறுதான். ஆயிரம் ஆயிரமாச் சுட்ட பொறவு அது தளந்து போவும். தளந்தா, ஸ்லைடு தடுக்க ஆளில்லாம வந்து சட்டத்துல மோதும். அன்னையில இருந்து ஸ்லைடோட ஆயுசு இன்னும் வேகமாக் கரையும். தளந்துட்டான்னு எப்படித் தெரியும்? மிசின் வேண்டாம். காலிக் கேசு வழக்கமா விழுத எடத்த விட்டுத் தூரத்துல போயி விழ ஆரம்பிக்கும். சட்டம் முட்டு வாங்குத எடம் பிதுங்கும். கண்ணு இருந்தாப் போதும். அதுக்காவ மொரட்டு ஸ்பிரிங்கா வாங்கி மாட்டிறாத. அப்பம் முன்னால வார அடி பலமாயிரும். பின்மண்டையக் காப்பாத்துதம்னு நெத்தியில வாங்குன கததான். செஞ்சவன் என்ன அளவு சொல்லுதானோ அந்த அளவு, அவன் சொன்ன ரவுண்டுக்கு ஒருவாட்டி மாத்து. அம்புட்டுத்தான் வித்தை.

மாத்தணும்னா எண்ணத் தெரியணும்லா? ஆத்துல போட்டாலும் அளந்து போடுன்னு சும்மாவா சொன்னான்? போலீசுல ஆர்மரர்னு ஒருத்தர் இருப்பாரு, பாத்திருக்கியா? யூனிபாரத்துல எண்ணெக்கற. படம் எடுத்தா அவரு மூஞ்சி வராது. அவரு கையில ஒரு ரிஜிஸ்டர். எந்தப் பிஸ்டல், என்ன நம்பரு, என்னைக்கு எத்தன ரவுண்டு சுட்டுச்சு, எல்லாம் அதுல இருக்கும். போலீசுலயும் பட்டாளத்துலயும் இருக்குதே, கல்கத்தாப் பக்கம் இச்சாப்பூர் ரைபிள் பாக்டரியில செய்யுத 9 எம்எம் 1ஏ, அதுவும் பிரௌனிங் வம்சந்தான். 1926-ல பெல்ஜியத்துல, அவன் பிஸ்டல் செஞ்ச பாக்டரியிலேயே கெழவன் உசிர விட்டான். அவன் பாதியில விட்டத அங்கன வேல பாத்தவன் முடிச்சு, 1935-ல ஹை பவர்னு வந்துச்சு. அதப் பாத்துச் செஞ்சதுதான் நம்மது. ஒஞ் செல்லுக்காரன் ஆயிரம் பேசுவான். ஒரு ஸ்லைடு நல்லதா கெட்டதான்னு நான் கேக்கணும்னா அந்த எண்ணெக்கறக்காரர்ட்டதான் கேப்பேன்.

அவருக்கும் எங்க பட்டறைக்கும் பொதுவா ஒரு பழைய வைத்தியம் உண்டும். ரயில்வே ஒர்க்ஷாப்புல அச்சுக்குப் பாத்த வைத்தியம். இப்பம் காந்தப்பொடி தூவிப் பாக்கான், செவப்புச் சாயம் ஊத்திப் பாக்கான், நல்லதுதான். அதெல்லாம் இல்லாத காலத்துல மண்ணெண்ணெயும் சுண்ணாம்புந்தான். சாமான நல்லாக் கழுவி, மண்ணெண்ணெய்ல ஊறப் போடு. எடுத்துச் சொட்டு இல்லாமத் தொட. மேல சாக்பீசுப் பொடிய மெலிசாப் பூசு. ஒரு டீ குடிச்சிட்டு, மக்ரூன் ரெண்டு கடிச்சிட்டு வா. கீறல் இருந்தா உள்ள போன எண்ணெய் மெல்லக் கசிஞ்சு, வெள்ளையில ஒரு கருப்பு முடி வரஞ்சு வச்சிருக்கும். இல்லன்னா வெள்ளை வெள்ளையாவே இருக்கும். பொறவு பொடியத் தொடச்சு எண்ணெய் போட்டு வையி. இதுல கோளாறு என்னன்னா, ரொம்பச் சில்லறைச் செலவு. அதனால ஒருத்தனும் நம்ப மாட்டான். மண்ணெண்ணெய்க்கு ஒரு இங்கிலீசுப் பேரு வச்சு, சின்னக் குப்பியில அடச்சு, எண்ணூறு ரூவான்னு போட்டா வாங்குவான்.

உப்புக்கும் மருந்து அதேதான். கையில எடுத்தா வேர்வ பட்டிருக்கும், தொடச்சு எண்ணெய் போடு. மெலிசாப் போடு, பொரிக்காத. தோல் உறையிலயே மாசக்கணக்கா வைக்காத. தோலு ஈரத்தக் குடிச்சு வச்சிருந்து ராத்திரி பூராவும் இரும்புக்கு ஊட்டும். எடுப்பா இருக்குன்னு இடுப்புல மாட்டித் திரியுதவன் துப்பாக்கிதான் முதல்ல பூத்துப் போவும், கவனிச்சுப் பாரு.

சரி, ஒங் கேள்விக்கு வாரேன். எத்தன ஆயிரம் தாங்கும்? ஒரே நம்பரா எவன் சொன்னாலும் அவன் ஏதோ விக்க வந்திருக்கான். இதமான தோட்டா, நேரத்துக்கு மாத்துன ஸ்பிரிங், வளைவாக் கடஞ்ச மூலை, உப்புப் படாத எண்ணெய், இந்த நாலும் இருந்தா வாங்குனவன் பேரன் காலத்துக்கும் கெடக்கும். நாலுல ரெண்டு தப்புனா, வாங்குனவனே பாத்துருவான் அது பொளக்குதத. அடி ஒரே அடிதான். வாங்கிக்கிட்ட விதம் வேற.

கீறல் கண்டுட்டா என்ன செய்யன்னு கேக்கியா? தூக்கிப் போடணும். ஆர்மரர் கண்டம்னு எழுதி ஓரமா வச்சிருவாரு, அவரோட அதுக்கு மேல பேச்சு கெடையாது. நம்மாளுக்குத்தான் மனசு வராது. “இம்புட்டுண்டு கீறலுக்கா அண்ணாச்சி? ஒரு வெல்டு வச்சா ஆவாதா?” ஷாப்டுக்கும் இதத்தான் கேப்பாங்க, ஸ்லைடுக்கும் இதத்தான் கேப்பாங்க. வெல்டு வச்ச சூட்டுல இரும்போட பதம் போயிரும். ஒட்டுன எடத்துக்குப் பக்கத்துலயே புதுக்கீறலுக்குப் பாய் விரிச்சுக் குடுத்த மாதிரி ஆவும். 1980-ல வட கடல்ல, எண்ணெய்க் கெணத்துல வேல பாக்கவங்க தங்குத ஒரு மேடை. அலெக்சாண்டர் கீலாண்டுன்னு பேரு. ஒரு தாங்குகம்பியில, ஒரு சின்னக் கருவிய மாட்டததுக்காவ வச்ச ஒரு வெல்டு. அதுல தொடங்குன கீறல் கம்பியச் சுத்தி வந்து, மேடை ஒரு காலு போயி கவுந்து, 123 பேரு செத்தாங்க. அம்புட்டுப் பெரிய மேடைக்கே அந்தக் கதி. உள்ளங்கை நீளத்து ஸ்லைடு, கண்ணுக்கு ஒரு முழம் முன்னால ஓடுது.

அதயும் மீறி எவனாவது, “கொண்டாங்க அண்ணாச்சி, நான் வெல்டு வச்சுப் புதுசாக்கித் தாரேன்”னு வந்து நின்னாம்னா, சண்ட போடாத. கூலியும் முழுசாக் குடுத்துரு. வேல முடிஞ்சதும் பிஸ்டல அவங்கையிலயே குடுத்து, “மொத ரவுண்டு நீங்களே சுட்டுக் காட்டுங்க”ன்னு மட்டும் சொல்லு. அவன் வெல்டிங் கண்ணாடியக்கூட எடுக்காம ஓடிருவான்.